அரைக்கால் இஞ்சுத் தூக்கல்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஃபேன்சி ஸ்டோர் காஜா மைதீன் பாய் போன வெள்ளிக்கிழமை காலையில் இறந்துவிட்டார். அவர் மகன்தான் ராஜபாளையத்தில் என் கடைக்குப் போன் செய்தான். "மாமா, வாப்பா மௌத்தாயிட்டாக. அஸர் தொழுகைக்குப் பொறவு அடக்கம்" என்றான். லாரியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்ட சரக்கு அது ஒன்றுதான். போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

வளையல், ரிப்பன், சோப்பு டப்பா விற்ற கடைதான் அவருடையது. ஆனால் பிளாஸ்டிக் கார் கிட் விஷயத்தில் மதுரை வரைக்கும் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டிக் காராக்கிக்கொள்ள வேண்டும், அந்தச் சாமான். பாய் முதலில் பசை போடாமலே துண்டுகளைக் கூட்டிப் பார்ப்பார். அடித்தட்டைக் கண்ணாடி ஷோகேஸ் மேல் வைத்து ஒரு மூலையைத் தட்டுவார். ஆடினால் முறுக்கிய சரக்கு. ஓரத்தில் பிசிறு, தடித்த இடத்தில் குழி, முன்கண்ணாடியில் புகை என்று எதையும் விடமாட்டார். பொறவுதான் தையல்காரர் டேப்பை எடுப்பார். பெட்டியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவு என்று போட்டிருந்தால், நிஜக் காரில் ஒரு அடி இருப்பது கிட்டில் அரை இஞ்சு இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் ஒருமுறை பளபளவென்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து விலை சொன்னார். பாய் சக்கரத்தை மாட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது லாரி டயருல்லா? வேற கிட்டுக்கு அடிச்சதை இதுல போட்டு அனுப்பிட்டான்" என்றார். வந்தவர் பெட்டியின் படத்தைக் காட்டினார். "பெட்டிப் படத்துக்கு எவனும் பசை போடமாட்டான்" என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

அந்த வாய்க்கு முன்னால்தான் நானும் ஒருநாள் என் சரக்கோடு போய் நின்றேன். நான் பழைய டயர் வாங்கி விற்று மேலே வந்தவன். எண்பதுகளின் கடைசியில், ரீட்ரேடிங் பட்டறையில் இருந்த என் பங்கை விற்று, அம்பாசடர் காருக்கு ஒரு கிட் போட, பிளாஸ்டிக்கை வார்க்கும் மோல்டு வெட்டக் கொடுத்தேன். வெட்டியவர் எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரர் வெங்கட்ராஜா. நம் ரோட்டில் ஓடும் காரை நம் பிள்ளைகள் ஒட்டட்டும் என்று கணக்குப் போட்டேன். அது ஓடாவிட்டால் மறுபடி டயர் தூக்க வேண்டியதுதான். பெட்டியில் 'அளவு சுத்தம்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து, அத்தனையும் அடுக்கி வைத்தாகிவிட்டது. மதுரை மொத்த வியாபாரி சொக்கலிங்கம் அண்ணாச்சி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பாய் சரின்னா நானும் சரி."

பாய், அண்ணாச்சி, ராஜா, நான் என்று பாய் கடையில் நால்வர். பாய் கிட்டைப் பிரித்து, கூட்டி, கண்ணாடி மேல் வைத்தார். தட்டினார். ஆடவில்லை. ராஜா என் தொடையைக் கிள்ளினார். பாய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாடை ஷோகேஸில் படும் அளவுக்குக் குனிந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"வண்டி குனிஞ்சு நிக்குதே" என்றார்.

"எங்க பாய் குனியுது?" என்றேன்.

"பின்னாலத் தூக்கிக்கிட்டு, மாடு தண்ணி குடிக்கிற மாதிரி நிக்குது."

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏமி பாய் இது! டேப்பு பிடிச்சு நானே அளந்தேன். ஒரு இடத்துல தப்பிருந்தா மோல்ட ஒடைச்சுப் போடுதேன்!"

பாய் டேப்பை எடுத்தார். "சக்கரத்துக்குச் சக்கரம் சரி. அகலம் சரி. பின் மட்கார்டு உயரம் அரைக்கால் இஞ்சு, எட்டுல ஒரு பங்கு, கூட. நெசக் காருல அது மூணு இஞ்சு."

சொக்கலிங்கம் அண்ணாச்சி பைக்கு ஜிப் போட்டார். "பெட்டியில அளவு சுத்தம்னு போட்டிருக்கீரு?" என்று என்னைக் கேட்டுவிட்டு, செருப்பைத் தேடினார். பாயைக் கடையின் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

"செத்த நேரம் சும்மா இருந்தா என்ன பாய்? அரைக்கால் இஞ்ச எந்தப் புள்ள டேப்பு வச்சுப் பாக்கப் போவுது?"

"புள்ள டேப்பு வைக்காது, கண்ணு வைக்கும். வெளிநாட்டுக் காருன்னா தப்பு தெரியாது. இது தெனமும் தெருவுல பாக்குற காருய்யா" என்றவர், அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார்: "ராஜா, யாரு வண்டிய அளந்தீரு?"

"டாக்சி ஸ்டாண்டுல பாண்டி வண்டி."

"பாண்டி வண்டியா! அது சீசனுக்கு மாங்கா ஏத்துற வண்டியில்லா? எம்புட்டு ஏத்தினாலும் உக்காரக் கூடாதுன்னு பின் ஸ்பிரிங்குல ஒரு பட்டை கூடுதலாப் போட்டிருப்பான். லோடு இல்லன்னா தூக்கிட்டுத்தான் நிக்கும்."

பாண்டி வண்டி மட்டும் அல்ல, எங்கள் ஸ்டாண்டில் எல்லா வண்டியும் அப்படித்தான் நிற்கும். பிறந்ததிலிருந்து அதையே பார்த்த எங்கள் கண்ணுக்கு அது தூக்கலாகவே படவில்லை.

செருப்பு மாட்டிய அண்ணாச்சியின் கையைப் பிடித்து, பாய் மடவார் வளாகத் தெருவுக்குக் கூட்டிப்போனார்; நாங்களும் பின்னால் போனோம். அங்கே ஒரு வக்கீலின் சொந்தக் கார் வாசலில் நின்றது. பாய் டேப்பை வைத்தார். வக்கீல் வெளியே வந்து, "என்ன பாய், கேக்காமலே காருக்குச் சட்டை தைக்கீரா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ராஜா அளந்த பாண்டி வண்டியைவிடப் பின்பக்கம் சரியாக மூன்று இஞ்சு தாழ்ந்திருந்தது. ராஜா தலையைத் தொங்கப் போட்டார். ரீட்ரேடிங் பட்டறையில் என்னைத் திரும்பச் சேர்ப்பார்களா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாய் என் கிட்டை அந்தக் காரின் பானெட் மேல் வைத்தார். "அண்ணாச்சி, நல்லாப் பாருங்க. இது வக்கீல் சார் காரு இல்ல. ஆனா பாண்டி வண்டிக்கு அணு பிசகாம இருக்கு. பிசிறு இல்ல, முறுக்கு இல்ல. இதுல அளவு தப்பில்ல, பேருதான் தப்பு. டாக்சின்னு ஸ்டிக்கர் ஒட்டி, மேல ஒரு கேரியரும் சேத்துக் குடுத்தா அளவு சுத்தம்னு போட்டது பொய்யாகாது. சொந்தக் காருக்குப் பின்சக்கர அச்சு தாங்குற துண்ட மட்டும் ராஜா மாத்தி வெட்டட்டும்."

சொக்கலிங்கம் அண்ணாச்சி கிட்டைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "கேரியர்ல மாங்கா மூட்டையும் உண்டுமா?" என்றார்.

"அதுக்குத் தனி வெல" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

டாக்சியும் ஓடியது, பின்னால் வந்த சொந்தக் காரும் ஓடியது. ஒவ்வொரு லாட்டும் பாயின் கண்ணாடி மேல் நின்ற பிறகே மதுரைக்குப் போகும். மோல்டு தேய்ந்து பிசிறு விழத் தொடங்கிய வருஷம் முழு லாட்டையும் தள்ளினார். நான் கத்திப் பார்த்தேன். "அம்புட்டையும் அரைச்சு, உருக்கி பக்கெட்டு அடியும்" என்றார். அடித்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் குனிதல்தான். மேலேயிருந்து பார்த்தால் எந்தக் காரும் நேராகத்தான் நிற்கும். கண்ணை அதன் சக்கரத்தளவுக்கு இறக்க வேண்டும், எழுந்திருக்க அவசரப்படக் கூடாது, பொறவுதான் வாயைத் திறக்க வேண்டும்.

அடக்கத்துக்கு சொக்கலிங்கம் அண்ணாச்சியும் வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டில், "இனிமே சரக்க யாரு பாக்கது?" என்றார். நான் பார்க்கிறேன் என்றேன். "உம்ம சரக்க நீரே பாக்கதா? நல்லா இருக்கே கத!" என்றார். நியாயம்தான். நின்றபடியே பேசி முடித்தோம். டாக்சி கிட் முப்பத்தெட்டு ரூபாய், சொந்தக் கார் நாற்பத்திரண்டு. லாரியில் போகும் ஒவ்வொரு பெரிய அட்டைப்பெட்டியிலிருந்தும் ஏதாவது ஒரு கிட்டை மதுரையில் அவர் பிரித்துப் பார்க்கலாம். பிசிறோ முறுக்கோ அளவுத் தப்போ ஒன்றில் இருந்தாலும் மொத்த லாட்டும் எனக்குத் திரும்பும். போகிற லாரிக் கூலி, வருகிற லாரிக் கூலி, இரண்டும் என்னுடையது.