சுவரில் ஒட்டாத தலை

இந்த ஊரில் வயதான பெண்களைச் சுவரோடு நிறுத்திப் பார்க்கிறார்கள். மிலானோவில் நான் வீட்டோடு தங்கிப் பராமரிக்கும் சிஞ்ஞோராவை, அந்த வீட்டு அம்மாவை, டொக்டரிடம் கூட்டிப் போனபோதுதான் இதைக் கண்டேன். குதிக்கால் சுவரில் முட்ட நிமிர்ந்து நிற்கச் சொன்னார். சிஞ்ஞோராவின் தலை சுவரைத் தொடவில்லை. எங்காவது விழுந்தாரா என்று என்னைக் கேட்டார். விழவிட்டிருந்தால் என் வேலை போயிருக்கும், விழவே இல்லை என்றேன். படம் எடுத்துப் பார்த்தால் முள்ளந்தண்டில் இரண்டு எலும்புகள் நசிந்திருந்தன. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வலுவிழந்து, விழாமலே, தெரியாமலே இப்படி முறியுமாம். முறிய முறிய முதுகு கூனி, ஆளும் கட்டையாகுமாம்.

எனக்கு அக்காவின் ஞாபகம் வந்தது. இலங்கையில், கற்பிட்டிக் கரையில் கருவாடு போடும் என் அக்காவும் நானும் ஒரே உயரம். ஒரு பாவாடையை மாற்றி மாற்றிக் கட்டி வளர்ந்தவர்கள். நாட்டுச் சண்டை முடிந்து, மீன்பிடிக்கக் கடல் திறந்ததும் அங்கே மீனும் பெருகியது, சுமையும் பெருகியது. போன லீவில் என் அளவுக்கு வாங்கிப்போன நீளச் சட்டை அவளுக்கு நிலத்தில் இழுபட்டது. இத்தாலிக்காரிகள் நெட்டைகள் என்று சிரித்தாள். முதுகு வலிக்கு வாய்வு என்று பெயர் வைத்திருந்தாள். அந்த வயதுக்காரிகள் கூனி நடந்தால், வேலை செய்து வந்த கூன் என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் டொக்டரிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேன். நாளைக்கே கூட்டி வாருங்கள் என்றார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வீடியோவில் அழைத்தேன். அக்காவின் மகள் டிலானி போனைப் பிடிக்க, அக்காவை விறாந்தைச் சுவரோடு நிற்க வைத்தேன். என் சம்பளத்தில் எழும்பிய சுவர் அது. குதிக்கால் முட்டியது. தலை முன்னால் நின்றது.

"இன்னும் பின்னுக்குச் சாயுங்கக்கா."

"சாஞ்சுதானே நிக்கிறன். நீ கட்டின சுவர்தான் கோணல்."

மேசனையும் சேர்த்துத் திட்டினாள். சுவர் கோணலாகவே இருக்கட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டு நானும் சிரித்தேன். டிலானி போனைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டுத் தாயின் பக்கத்தில் போய் நின்றாள். அவள் தலை சுவரில் நன்றாக ஒட்டியது. அக்கா அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் சிரிக்கவில்லை.

அங்கே ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் படம் எடுத்தார்கள். மூன்று எலும்புகள் நசிந்திருந்தன, எல்லாம் பழைய முறிவுகள். மருந்து கொடுத்து, இனிமேல் மீன் கூடை தூக்கக் கூடாது என்றார்களாம்.

"நான் தூக்காட்டி ஆரடி தூக்குறது?" என்று கேட்டாள்.

ஒரே உயரம் என்றேனே. நேற்று மத்தியானம் சிஞ்ஞோரா கண்ணயர்ந்த நேரம், இந்த வீட்டுச் சுவரில் குதிக்காலை ஒட்டி நானும் நின்று பார்த்தேன். தலையைப் பின்னால் கொண்டுபோகப் பயமாக இருந்தது. ஒட்டாவிட்டால் எனக்கும் தூக்கக் கூடாது என்பார்கள், இந்த வேலை போகும், அக்காவின் மருந்தும் நிற்கும். நான் கட்டிய சுவர் அங்கே இருக்க, யாரோ ஒருத்தியின் சுவரில் தலையைச் சாய்க்காமலே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே சிஞ்ஞோரா கூப்பிட்டார். தூக்கிவிடப் போனேன்.