முன் சக்கரத்துக்குப் போன மொட்டை டயர்

போன ஞாயிற்றுக்கிழமை தேன்கனிக்கோட்டை வரை மிதித்துவிட்டு வந்து என் ரோடு பைக்கைக் கழுவினேன். ஐம்பதை நெருங்கும் வயதில் எதற்கு இந்த ஒல்லி டயர் சைக்கிள் என்று வீட்டில் கேட்கிறார்கள். பின் டயரில் விரலை ஓட்டினேன். உருண்டையாக இருக்க வேண்டிய நடுப்பகுதி தட்டையாக இருந்தது. ஓசூர் சைக்கிள் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"நடுவுல ரெண்டு குட்டி ஓட்டை இருக்கும் பாருங்கண்ணா. அது கண்ணுக்குத் தெரியலன்னா டயர் முடிஞ்சுது" என்றார்.

டார்ச் அடித்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, அரை மணி நேரம் தேடினேன். பின் டயரில் ஓட்டையே இல்லை, முன் டயரில் இருந்தது. ரப்பர் தேயத் தேய ஓட்டையின் ஆழம் குறைந்து ஒரு நாள் காணாமல் போய்விடுகிறது. இதை யோசித்தவர் யாரோ, கைகொடுக்க வேண்டும்போல் இருந்தது. பக்கவாட்டில் வெடிப்பு உண்டா, உள்நூல் எட்டிப் பார்க்கிறதா என்று முகத்தை அருகில் கொண்டுபோனேன். வெயிலில் காய்ந்த ரப்பர் வாசனை அடித்தது. அது சவரியும் நானும் சேர்ந்து இருந்த அறையின் வாசனை.

சவரி வேப்பனப்பள்ளிக்காரன். சிப்காட்டில் ஒரே ஃபேக்டரியில் இருவரும் தற்காலிக வேலை, இருவரும் தரப் பரிசோதனை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சைக்கிள். இடம் போதாமல் அதை அறைக்குள்ளேயே நிறுத்துவோம். அதன் காலடியில்தான் என் பாய். அளவு தவறிய பாகத்தில் சிவப்புப் பெயின்ட் வைத்து ஒதுக்குவது எங்கள் வேலை. அவசரமென்றால் அதையே கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்வதும் உண்டு. அதற்கு 'டீவியேஷன்' என்று பெயர். பெயர் வைத்துவிட்டால் தப்புக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

ஒரு மாதம் எங்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று செய்முறைத் தேர்வு வைத்தார்கள். எனக்கு முடிந்துவிட்டது, சவரிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு. சாயங்காலம் சைக்கிளைப் பார்த்தால் பின் டயர் மொட்டை. நான் சும்மா இருப்பேனா? பாகங்களை அளக்கும் என் வெர்னியரை எடுத்து இரண்டு டயரின் பட்டன் உயரத்தையும் அளந்தேன். பாரம் பின்னால்தானே, நல்லது பின்னால் போகட்டும் என்று இரண்டையும் மாற்றிப் பூட்டினேன்.

"ஏன்டா, அந்த மொட்டைக்குச் சிவப்பு வெக்க வேணாமா?" என்றான் சவரி.

"முன்னாடி லோடு இல்லடா. டீவியேஷன்ல ஓடட்டும்."

"நீ பாஸ் பண்ணிட்ட, அப்புறம் என்ன" என்று சிரித்தான்.

பின் டயர் வெடித்தால் சைக்கிள் ஆடும், சமாளித்து நிறுத்திவிடலாம். முன் டயர் வெடித்தால் ஹேண்டில்பார் நம் பேச்சைக் கேட்காது. இதை நான் மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். சவரி தேர்வுக்கு மிதித்துப் போனபோது, சிப்காட் போகும் வழியில் ஓர் இறக்கத்தில் முன் டயர் வெடித்தது. சவரியின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. தேர்வு அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்.

"டேய், உனக்கு ஆர்டர் வந்துச்சா?"

சட்டைப்பையில் இருந்தது. "இன்னும் வரலடா" என்றேன்.

"வந்துரும், கவலப்படாத" என்று எனக்குத் தைரியம் சொன்னான்.

கட்டுப் பிரிப்பதற்குள் ஊருக்குப் போய்விட்டான். பிறகு குருபரப்பள்ளியில் கடை வைத்திருக்கிறான் என்றார்கள். தேடிப் போனேன்; நெடுஞ்சாலையை அகலமாக்கியதில் அந்தக் கடை வரிசையே இல்லை. நாங்கள் இருந்த அறையை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். ஃபேக்டரியில் சைக்கிள் ஸ்டாண்ட் இருந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. அந்த ஆர்டரில் ஏறிய வேலையில் இருபத்தைந்து வருடம் ஓட்டிவிட்டேன். அது வந்துவிட்டது என்று சவரிக்கு நான் இன்னும் சொல்லவில்லை.