இலையில் ஒரு கைப்பிடி

அந்தச் சோற்றுக் குவியல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. குடவாசலில் பெரிய டீச்சர் வீட்டுக் கூடத்தில், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், என் முன்னால் விரித்த வாழையிலையில் வந்து விழுந்த சோறு. பக்கத்து இலைகளை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் மகனுக்கு இரண்டு கரண்டி. புதிதாக வந்திருந்த மருமகளுக்கும் இரண்டு. எனக்கு மட்டும் நான்கு. சாம்பாருக்குப் பாத்தி கட்டுகிற சாக்கில் சோற்றைக் கிளறிக்கொண்டே யோசித்தேன். இது உபசாரமா, இல்லை வேறு ஏதாவதா?

சந்தேகப்படக் காரணம் இருந்தது. பெரிய டீச்சர் என்று ஊரே கூப்பிட்ட அவர், நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. அவருடைய புகுந்த வீட்டுக்கு எங்கள் ஊரில் நிலம் இருந்தது. அந்த நிலத்தில் என் அம்மா நாற்று நட்டாள், களை பறித்தாள், கதிர் அறுத்தாள். நான் டீச்சர் ட்ரெயினிங் முடித்து, வேலைக்கான உத்தரவோடு அவர் மேசை முன்னால் போய் நின்றபோது, பெயரைக் கேட்டார், அப்பா பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "அட, நம்ம வயல்ல நடுவாங்களே, அவங்க பொண்ணா நீ?" என்றார். மற்ற டீச்சர்களை எல்லாம் ‘வாங்க, போங்க’ என்று பேசுகிறவர் என்னை மட்டும் ‘நீ’ என்றார். அது உரிமையா, பழைய பழக்கமா என்று அன்று சாயங்காலம் பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்கிறவரைக்கும் மென்றுகொண்டே வந்தேன். எனக்கு எதையும் அப்படியே விழுங்கத் தெரியாது. பிறவிக் குணம்.

ஆனால் சோற்றை விழுங்கித்தானே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் பெரிய பாவம். ஒரு பருக்கை தரையில் சிந்தினாலும் அம்மா எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொள்வாள். அதிலும் பெரிய டீச்சர் வீட்டில் மிச்சம் வைத்தால், ‘நாலு காசு சம்பளம் வாங்கினதும் திமிரைப் பார்’ என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம் வேறு. தம் கட்டிச் சாப்பிட்டேன். இலை துடைத்து வைத்ததுபோல ஆனது. கையை எடுப்பதற்குள் பெரிய டீச்சர் சோற்றுப் பாத்திரத்தோடு மறுபடி வந்து நின்றார்.

"ஐயோ, போதும் டீச்சர்."

"வாய் போதும்னு சொல்லுது. இலை சொல்லலையே!" என்று சிரித்தபடி இன்னொரு கரண்டி வைத்தார். "நாத்து நட்டு வளத்த வீட்டுப் பொண்ணு, சாப்பாட்டுக்குக் கூச்சப்படலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஓகோ, இதுதானா விஷயம் என்று நினைத்தேன். வயலில் வேலை செய்த குடும்பம், படிக்கணக்கில் தின்னும் என்ற கணக்கு. அந்த ஒரு கரண்டியையும் கோபத்தோடு தின்று தீர்த்தேன். இன்னொன்று வந்தது. திரும்பி வரும்போது குடவாசல் பஸ் ஸ்டாண்டில் கோலி சோடா வாங்கிக் குடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஆறு வருடம். பொங்கல், ஆடிப் பெருக்கு, தீபாவளி என்று எதையாவது சொல்லிக் கூப்பிடுவார். தலைமையாசிரியை கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? போவேன். நான்கு கரண்டி விழும். நான் துடைத்துச் சாப்பிடுவேன். மறுபடி விழும். சில தடவை காலையில் பட்டினி கிடந்துவிட்டுப் போனேன். அப்போதும் தோற்றுத்தான் வந்தேன். அவரோ பரிமாறிக்கொண்டே இருப்பார், எல்லாரும் எழுந்த பிறகுதான் அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் அவரைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. என் மகள் பிறந்தபோது மருத்துவமனைக்குக் கறிவேப்பிலைக் குழம்பு செய்து எடுத்து வந்தவர் அவர்தான். அந்தக் குழம்பையும் நான் சந்தேகத்தோடுதான் சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம்.

ஏழாவது வருடம் நாங்கள் ஊரில் காங்கிரீட் போட்டு மெத்தை வீடு கட்டினோம். கிரகப்பிரவேசத்துக்குப் பெரிய டீச்சர் வெளியூரில் இருந்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். உங்க அம்மா கையால மீன் கொழம்பு வேணும்" என்று அவராகவே சொன்னார். வருவாரா என்பதே எனக்குச் சந்தேகம். அவர் தெருக்காரர்கள் எங்கள் தெருவில் கால் வைத்தால் ‘இன்னைக்கு விரதம்’ என்று சொல்லி ஒரு வாழைப்பழத்தோடு நழுவுவார்கள். ஆனால் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. விடியற்காலையிலேயே விரால் மீன் வாங்க ஆள் அனுப்பிவிட்டாள்.

சோறு வைக்கிற விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. "டவுன்ல வைக்கிற மாதிரி ஒரு கரண்டி வை, போதும். நம்மளப் பெருந்தீனிக்காரங்கன்னு நெனச்சிடப் போறாங்க" என்றேன்.

"போடி போக்கத்தவளே! வந்தவங்க இலையில பச்சை தெரியற மாதிரி சோறு வச்சா, எந்திரிச்சுப் போன்னு சொல்றதா அர்த்தம்" என்றாள். வைத்தாள் பாருங்கள், குவியலாக!

பெரிய டீச்சர் வந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மீன் குழம்பு இரண்டு தடவை கேட்டு வாங்கினார். ரசம் வாங்கி உறிஞ்சினார். நான் அடுக்களை வாசலில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு கொஞ்சம் கொஞ்சமாக இளகி வந்தது. கடைசியில் அவர் ஒரு கைப்பிடி மோர்ச் சோற்றை இலையின் ஓரத்தில் அழகாக ஒதுக்கி வைத்தார். "திவ்யமா இருந்துச்சு" என்று சொல்லி இலையை மடித்தார். அம்மா அவரை எடுக்க விடாமல் அந்த இலையைத் தானே எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கொல்லைப்பக்கம் போனாள்.

எனக்கு அந்தக் கைப்பிடிச் சோறு மட்டும்தான் கண்ணில் நின்றது. வந்தது, உட்கார்ந்தது, கேட்டு வாங்கியது எல்லாம் ஊருக்காக. இந்த மிச்சம்தான் மனசு என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கள் வீட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிட மனம் வரவில்லை. என் இலையில் மட்டும் ஒரு பருக்கை விடாமல் தின்ன வைத்தார் இல்லையா? அம்மாவின் மௌனமும் அதற்காகத்தான் என்று நினைத்தேன். அவளிடம் எதுவும் பேசவில்லை. பட்ட இடத்திலேயே ஏன் தட்ட வேண்டும்?

அந்த வருடமே கூத்தாநல்லூர் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போனேன். பொங்கலுக்குப் பெரிய டீச்சர் போன் செய்தார். "உடம்பு சரியில்ல டீச்சர்" என்றேன். அடுத்த பொங்கலுக்கும் செய்தார். அப்போதும் உடம்பு சரியில்லை. அதற்கு அடுத்த வருடம் போன் வரவில்லை. ‘பார்த்தாயா, அவ்வளவுதான் அவர் பாசம்’ என்று அதையும் அவர் கணக்கிலேயே எழுதினேன். அவருடைய பணி நிறைவு விழாவுக்குக்கூட நான் போகவில்லை.

போன ஐப்பசியில் அவர் இறந்துபோனார். பழைய பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. சாவுக்குப் போக முடியவில்லை, கருமாதிக்குப் போனேன். அதே கூடம். பந்தியில் உட்கார வைத்தார்கள். மருமகள்தான் சோறு பரிமாறினாள். தலையில் இரண்டொரு நரை தெரிந்தது. பழக்கதோஷத்தில் இலையைத் துடைத்துச் சாப்பிட்டு நிமிர்ந்தேன். சோற்றுப் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"போதும்மா, போதும்."

"இலை காலியா இருக்கே டீச்சர்?"

"காலியா இருந்தா என்னம்மா?"

"இந்த வீட்ல போதும்னா ஒரு கைப்பிடி ஒதுக்கி வச்சிடுவாங்க. தொடச்சு வச்சா இன்னும் பசி அடங்கலன்னு அர்த்தம். கல்யாணமாகி வந்த புதுசுல தெரியாம தின்னு தின்னு நானும் செத்தேன்" என்று மெல்லச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க பேச்சு வந்தா அத்தை வருத்தப்படுவாங்க டீச்சர். ‘அந்தப் பொண்ணுக்கு மட்டும் என்னால வயிறு நெறய வைக்கவே முடியல. அந்தக் கோவத்துலதான் வர்றத விட்டுட்டா போல’ன்னு சொல்வாங்க."

வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். பங்காளிகள் எழுந்து போன இலைகள் ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒரு கைப்பிடிச் சோறு. இத்தனை வருடம் இந்தக் கூடத்தில் யாருக்கு எத்தனை கரண்டி விழுகிறது என்று பார்த்த நான், யார் இலையில் என்ன மிஞ்சுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படியானால் முதல் நாள் வைத்த அந்த நான்கு கரண்டி? பதில் சொல்ல வேண்டியவர் படத்தில் மாலையோடு இருந்தார். என் புத்தி, பாருங்கள், அங்கேயும் அதைக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் போனேன். டிவியில் நாடகம் பார்த்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு அவர் மிச்சம் வைத்தது அவமானம் இல்லை, வயிறு நிறைந்ததற்கு அடையாளம், நீ மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சமாதானமும் சொன்னேன். அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இது எனக்குத் தெரியாதா? விசேஷ நாள்ல குடவாசல்ல அவங்க வீட்டுக்கும் வேலைக்குப் போவேன்ல, எச்சில் எலையெல்லாம் கொல்லையிலதான் வந்து விழும். அதை அள்ளி மாட்டுக்கு வச்சவ நான்தானே. எல்லா எலையிலயும் ஒரு கைப்பிடி கெடக்கும். நம்ம வீட்லயும் அவங்க அப்படி வச்சதும் எனக்குப் பேச்சே வரல. அவ்வளவு சந்தோசம்."

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா?"

"எப்படிச் சொல்றது? அந்தக் கொல்லைப் பேச்சை எடுத்தாலே, ‘யாரு காதுலயாவது விழப் போகுது, சும்மா இரும்மா’ன்னு வாயை அடைச்சிடுவியே."

உண்மைதான். நான் வேலைக்குப் போன நாளிலிருந்து அந்தப் பேச்சை அவள் எத்தனை தடவை தொடங்கியிருப்பாள், நான் எத்தனை தடவை நிறுத்தியிருப்பேன்! அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கொத்திலிருந்து ஒரு காம்பை எடுத்து நானும் உருவத் தொடங்கினேன்.

"சொல்லும்மா" என்றேன்.

அம்மா என்னை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் டிவியை நிறுத்திவிட்டு வந்தாள்.