நாலு அங்குலக் கோடு

ஆர்லன் ஹோலுப்புக்கு அறுபத்தெட்டு வயசு. நெப்ராஸ்காவில், ஹார்மன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் முப்பத்தொரு வருஷமாகச் சங்கிலி தூக்குகிறார். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம் அது; நாலு முயற்சிக்குள் பந்து பத்து கஜம் நகர்ந்ததா என்று அளக்கிற சங்கிலி, நகராவிட்டால் பந்து எதிரணிக்கு. ரெண்டு முனையிலும் கம்பு. பின்கம்பு கூட்டாளி டுவெய்னிடம். தரையில் குறுக்கே போகிற வெள்ளைக் கோட்டுக்கு நேராகச் சங்கிலியில் கிளிப் மாட்டுவது ஆர்லன் வேலை. அளக்கும்போது கிளிப்பை அதே கோட்டில் வைத்துத்தான் இழுப்பார்கள். கோடு நாலு அங்குல அகலம் என்பதால் எப்போதும் அதன் பின் ஓரத்தில்தான் மாட்டுவது. சங்கிலிக்காரன் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது. சொந்த ஊர் அணியே ஆனாலும் மரம் மாதிரி நிற்கணும்.

அதில் ஒன்றும் கஷ்டமில்லை. ஹார்மன் தொடர்ந்து இருபத்துமூன்று ஆட்டம் தோற்றிருந்தது, கைதட்ட என்ன இருக்கு? இந்த வருஷமும் ஒன்றாவது ஜெயிக்காவிட்டால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று கல்லூரி நிர்வாகம் சொல்லிவிட்டது. இது கடைசி ஆட்டம். மனைவி லொரெய்ன் போய்ச்சேர்ந்தபிறகு ஆர்லனை வீட்டை விட்டுக் கிளப்புவது இந்தச் சனிக்கிழமை ஆட்டங்கள்தான். அதுவும் போனால் அவருக்கு வேறு போக்கிடமில்லை.

அன்றைக்கென்று பார்த்து ரெண்டு அணியும் பேய் பிடித்த மாதிரி ஆடின. தடுக்கத்தான் ஒருத்தனுக்கும் துப்பில்லை. ஒரே ஓட்டத்தில் நாற்பது கஜம், ஐம்பது கஜம். அளக்கவேண்டிய அவசியமே வரவில்லை. ஆனால் பந்து போகிற பக்கமெல்லாம் சங்கிலியும் ஓடணுமே.

"இந்தப் பயலுக நம்மளக் கொல்லாம விடமாட்டானுங்க," என்றார் டுவெய்ன்.

"முழங்கால் எப்பவோ செத்துப்போச்சுடா. மிச்சம் மீதி இருந்தா எடுத்துக்கட்டும்."

கடைசி ரெண்டு நிமிஷம். ஹார்மன் ஐம்பத்தொன்பது, எதிரணி அறுபத்திரண்டு. பந்து ஹார்மனிடம். சங்கிலியைப் புது இடத்தில் போட்டதும் ஆர்லன் குனிந்தார். பாதிக்கு மேல் முழங்கால் மடங்கவில்லை. கை எட்டிய இடத்தில், கோட்டின் முன் ஓரத்தில் மாட்டிவிட்டு நிமிர்ந்தார். யார் அளக்கப் போறா என்ற அலுப்பு. டுவெய்ன் அதைப் பார்த்துவிட்டுத் தன் கம்பை ஊன்றினார்.

நாலாவது முயற்சி முடிந்ததும் நடுவர் விசிலடித்து அளக்கச் சொன்னார். கிளிப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "பின் ஓரந்தானே, பெரியவரே?"

மாட்டிய முன் ஓரத்திலேயே வைத்து அளந்தால் பந்து ஒரு விரல் குறையும். முப்பத்தொரு வருஷம் பார்த்த கண்ணுக்கு அது தெரிந்தது. அணியும் போச்சு, எல்லாம் போச்சு.

"பின் ஓரந்தான்," என்றார்.

கிளிப்பைப் பின் ஓரத்தில் வைத்ததும் சங்கிலி நாலு அங்குலம் பின்னால் வந்தது. பந்து தாண்டிவிட்டது. அடுத்த ஓட்டத்திலேயே ஹார்மன் எல்லைக் கோட்டைத் தாண்டி ஏழு புள்ளி எடுத்தது. அறுபத்தாறுக்கு அறுபத்திரண்டு. ஊரே மைதானத்துக்குள் இறங்கி ஆடியது. ஜெயித்திருந்தால் லீக் கோப்பை எதிரணிக்கு. அந்தப் பசங்க புல்லில் உட்கார்ந்து அழுதார்கள். அவர்கள் கோச் நேராக வந்து ஆர்லனுக்குக் கைகொடுத்து, "நல்லா வேலை பாத்தீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கையைப் பிடித்தபோது ஆர்லனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

செவ்வாய்க்கிழமை காலை, காபிக் கடைக்கு டுவெய்ன் ஒரு காகிதத்தோடு வந்தார். அவர் மகள் கல்லூரி அலுவலகத்தில் வேலை.

"கலைச்சிட்டாங்கடா."

"ஜெயிச்சோமேடா."

"கையெழுத்துப் போட்ட தேதியப் பாரு. வியாழக்கிழமை. ஆட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி."

ஆர்லன் ரெண்டு தடவை படித்தார். காபி ஆறிப்போனது.

"நீ எங்க மாட்டினேன்னு பாத்தேன்," என்றார் டுவெய்ன். "நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் நின்னேன்."

"தெரியும்." காகிதத்தை மடித்துக் கொடுத்தார். "அந்தக் கோச்சோட போன் நம்பர் உன் மககிட்ட இருக்குமா?"

"இப்பச் சொல்லி என்னடா ஆகப்போவுது? கோப்பையா திரும்பி வரும்?"

"வராது. நீ நம்பரை வாங்கிக் கொடு."