நீலச் சுவருக்கு முன்னால் ராமாத்தாள்

மஞ்சூருக்கு மேலே, பேருந்துச் சாலை வளைந்து ஏறும் இடத்தில், தார்ப்பாய்க் கொட்டகை ஒன்றில் ராமாத்தாள் வசித்து வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றதும், தோட்டம் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பட்டா நிலம் கையில் இருந்தது. அதன்மேல் வீடு இல்லை. தனி ஆள்தான், ஆயினும் அவர் இருக்குமிடத்தில் சிரிப்புக்குக் குறைவிருந்ததில்லை.

வீடற்றோருக்கான அரசுத் திட்டத்தில் கைப்பேசிச் செயலி வழியே தாமே விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. பக்கத்து வீட்டு மளிகைக் கடைக்காரர் சில்வஸ்டர் உதவிக்கு வந்தார். குடியிருக்கும் இடத்தின் முன் நின்று படம் எடுக்கும்படி செயலி கேட்டது.

"ஏனுங் தம்பி, படம்னா நல்ல எடமாப் பாத்து நிக்கோணுமல்லோ?"

"ஆமாங்கக்கா, கவர்மென்டே பாக்கப்போகுது. எங்கூட்டு முன்னால நில்லுங்க."

பளிச்சென்ற நீலச் சுவரின் முன் பட்டுச்சேலையில் நின்றார் ராமாத்தாள். படம் போயிற்று. சில வாரங்களில் பதில் வந்தது: கான்கிரீட் வீடு இருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

அன்று ராமாத்தாள் சிரிக்கவில்லை. மழைக்காலம் நெருங்கியிருந்தது, அந்தத் தார்ப்பாய் இன்னொரு மழையைத் தாங்காது. சில்வஸ்டர் கடையை அடைத்துவிட்டு மேல்முறையீடு செய்ய ஓடினார்.

நேரில் சரிபார்க்க வந்த பணியாளர் இந்துமதி, நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, ஊடு இல்லீன்னு சொல்லிப்போட்டு ஊட்டு முன்னாலயே நின்னா எப்படிங்க? உங்க கொட்டாய் முன்னால நில்லுங்க, மறுக்கா படம் எடுக்கறேன்."

"செரி கண்ணு, இரு. இந்தக் குண்டானையாச்சும் உள்ள வெச்சுப்போட்டு வந்தர்றேன்."

"ஐயோ, ஒண்ணையும் தொடாதீங்க! தார்ப்பாய் ஓட்டைதான் நல்லாத் தெரியோணும்."

"அக்கா, ஓட்டைக்கும் ஒரு பொட்டு வெச்சுடுங்க," என்றார் சில்வஸ்டர்.

"நீ பேசாத இரு. உன்ற ஊட்டாலதான் எனக்கு ஊடு போச்சு!"

முகத்தைச் சரிபார்க்கக் கண் சிமிட்டும்படி செயலி கேட்டது. சிரித்த சிரிப்பில் ராமாத்தாளின் கண்கள் திறக்கவே இல்லை. மூவரும் சிரித்து ஓய்ந்த பிறகே படம் பதிவாயிற்று.

மழைக்கு முன்பே அனுமதி வந்துவிட்டது. கொத்தனார் மூலைகளில் குச்சி நட்டுக் கயிறு கட்டினார். வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"ரோட்டப் பாத்தே வைங்க. பஸ்ஸுல போற சனமெல்லாம் பாக்கட்டும்," என்றார் ராமாத்தாள்.