தொட்டிக்கட்டு உணவுக்கூடம்

ராட்டர்டாமில் நான் வேலை செய்யும் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் மதியம் எல்லோருக்கும் ஒரே மேசை. முதலாளி அன்னெக் ரொட்டி அறுத்துத் தர, தரை துடைக்கும் பெண் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் காலாட்டிக்கொண்டே தின்பாள். நான் வந்து ஆறு வருஷமாகிறது. இன்றைக்கும் யாராவது சொன்னால்தான் எனக்கு உட்கார வருகிறது. கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

சரவணம்பட்டிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு மாணவர் விடுதியும் உணவுக்கூடமும் வரையும் வேலை எங்களுக்கு வந்தது. பார்த்தவுடனே இது கொங்கு நாடு என்று தெரிய வேண்டுமாம். நான் பெரியநாயக்கன்பாளையத்துக்காரி என்பதால் அன்னெக் என்னிடம் கொடுத்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், ஓட்டுக்கூரை என்று எங்கள் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடு ஒன்றின் படத்தைக் காட்டினேன்.

"இது உன் வீடா?" என்றார்.

"அம்மா இருபது வருஷம் வேலை செய்த பண்ணையக்காரர் வீடு."

"அப்படியென்றால் மூலை முடுக்கெல்லாம் உனக்குத் தெரிந்திருக்குமே!"

எங்கே தெரிவது? அம்மா அங்கே மாட்டுக்கொட்டகையைத் தாண்டிப் போனதில்லை. எங்கள் ஆட்களுக்குச் சோறு பின்பக்கம்தான் வரும். அதை அன்னெக்கிடம் சொல்ல வாய் வரவில்லை. உள்பக்கத்தைப் புத்தகப் படங்களைப் பார்த்துத்தான் வரைந்தேன். யார் எவர் என்ற கேள்வியில்லாமல் பிள்ளைகள் அந்த முற்றத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடட்டும், அவர்களோடு அம்மாவும் ஒரு வேளை சாப்பிடட்டும். அந்த ஆசையில் மாய்ந்து மாய்ந்து வேலை செய்தேன்.

கூடம் திறந்த வாரம் ஊருக்கு வந்து அம்மாவைக் கூட்டிப்போனேன். வாசலுக்குப் பத்தடி முன்பே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "பண்ணையக்காரரு ஊடாட்டவே கட்டிப்போட்டயே கண்ணு!" அந்த வீட்டைப் போலவே இருக்கிறதென்ற பாராட்டுத்தான். அடுத்து, "பின்னால போற வழி எந்தப் பக்கம்?" என்றாள்.

"முன்னாலயே போலாம்மா. இது நான் வரைஞ்சதும்மா."

"அது செரி. நீ போயி சாப்புடு. நா இங்கயே இருந்துக்கறேன்."

கையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. விடுதி மேலாளர் ஓடி வந்தார். "வாங்கம்மா, உள்ள வாங்க. உங்க ஊடு மாதிரி நெனச்சுக்குங்க." அம்மா கும்பிட்டபடியே இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாணவி ஒருத்தி தட்டில் அரிசிம்பருப்புச் சோறு போட்டு வெளியே கொண்டுவந்தாள். அம்மா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினாள். அந்தப் பெண் உள்ளே போகும்வரை உட்காரவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது? எல்லோரும் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். வரைந்தவள் நான்.

நானும் ஒரு தட்டோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து மேலாளர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "மேடம், போட்டோ எடுக்கோணும், வாங்க."

அம்மா வாயில் சோற்றோடு நிமிர்ந்து அதட்டினாள். "வாசப்படில உக்காந்து திங்கக்கூடாது கண்ணு, ஆகாது. ஒண்ணு உள்ள போ, இல்லாட்டி வெளிய வா."

எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை.