ஓட்டை மாற்றப் போன கதை

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது தெருவில் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கியோடு போயிற்று. "உங்கள் பொன்னான ஓட்டை..." என்று அது ஆரம்பித்ததுமே எனக்குச் சிரிப்பு வந்து, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. மனைவி எட்டிப் பார்த்து, அடுப்புத் துணியை என் பக்கம் எறிந்துவிட்டுப் போனாள். தேர்தலுக்குத் தேர்தல் இப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். உங்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்த காலம். புயலில் ஒரத்தநாட்டுப் பக்கம் தென்னையும் கூரையும் ஒன்றாகப் படுத்துவிட்ட பிறகு, நாங்கள் ஐந்தாறு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லாதப்பட்டவர்களின் வீடுகளைச் சரிபண்ணிக் கொடுப்பதென்று கிளம்பினோம். நல்ல மனசு இருந்தது, தொழில்தான் தெரியாது. நான் அடித்த ஆணி எதுவும் அதுவரை நேராக இறங்கியதில்லை. ஜமால் ஒருவனுக்குத்தான் கொஞ்சம் சம்பந்தம் உண்டு. அவன் அத்தா நீடாமங்கலத்தில் இரும்புக்கடை வைத்திருந்தார். அந்த உரிமையில் அவனே எங்களுக்கு இன்ஜினியர்.

அப்படி நாங்கள் போன வீடுகளில் ஒன்று வளர்மதி அக்காவுடையது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர், வீட்டுக்காரர் இல்லை. மகள் தலைப்பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். புதன்கிழமை குழந்தையோடு தாய்வீட்டுக்கு வரவேண்டும். கோடைமழை வேறு தினமும் மிரட்டிக்கொண்டிருந்தது. "ஒழுகுற வீட்டுக்குப் பச்சப்புள்ளைய அனுப்ப மாட்டேன், எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்" என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் போவது அக்காவுக்கு எப்பேர்ப்பட்ட தலைகுனிவு, யோசித்துப் பாருங்கள். இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லியனுப்பியது அக்காவின் தம்பி. நாங்கள் வருவதை அக்காவிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்.

இடித்த ரைஸ்மில்லிலிருந்து வாங்கிய சீமை ஓடுகளை வாசலில் இறக்கி, வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஜமால் கைகூப்பினான்.

"அக்கா, ஓட்டை மாத்த வந்திருக்கோம்."

அக்கா துடைப்பத்தைக் கீழே போடவில்லை. "என் ஓட்டை மாத்த நீங்க யாருய்யா? கல்யாணமான நாள்லேருந்து ஒரே சின்னத்துலதான் போட்டுக்கிட்டு வர்றேன்."

"அந்த ஓட்டு இல்லக்கா. மேல இருக்குற ஓட்டை."

"மேல இருக்குற ஓட்டைதான் ஊருக்கே தெரியுமே. அதைக் காட்டித்தானே அஞ்சு வருசத்துக்கொருக்கா ஓட்டு கேட்டு வர்றீங்க!"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் வாங்கிய திமிர். ஓடு வேறு, ஓட்டு வேறு, ஓட்டை வேறு, ஓட்டை என்றால் மூன்றும்தான் என்று விளக்க ஆரம்பித்தேன். தெருவே கூடிவிட்டது. கடைசியில் தம்பியிடம் போனில் பேசிய பிறகுதான் அக்கா துடைப்பத்தைச் சாத்தி வைத்து, மோர் கொடுத்தார். ஜமால் மேலே ஏறிப் பழைய ஓடுகளைப் பிரித்தான். பாதி, கையால் பிரித்தது. மீதி, காலால். மத்தியானத்துக்குள் வீட்டுக்குள் நல்ல வெளிச்சம்.

அப்போதுதான் தேர்தல் பறக்கும் படை ஜீப் வந்தது. என் விளக்கத்தைக் கேட்ட யாரோ ஒரு புண்ணியவான், ஓட்டுக்கு ஓடு கொடுக்கிறார்கள் என்று போன் போட்டிருக்கிறார்.

"எந்தக் கட்சி?" என்றார் அதிகாரி.

"கட்சி இல்ல சார். கம்ப்யூட்டர் சென்டர்."

கூட வந்த வீடியோக்காரர் ஓடுகளை நாலாபுறமும் படம்பிடித்தார். அத்தனையும் பறிமுதல், ஓட்டு எண்ணிக்கை முடிந்த பிறகுதான் விடுவிப்பு என்றார் அதிகாரி. அதற்கு ஒரு மாதம் இருந்தது. மேற்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. அக்கா அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். "புதன்கிழம புள்ள வருது சார்" என்று மட்டும் சொன்னார். நல்லது செய்யப்போய் இருந்த கூரையையும் பிடுங்கிவிட்டோமே என்று எனக்கு அழுகை முட்டியது.

ஜீப்பில் ஓடு ஏற்ற இடமில்லை. பொறுப்பில் ஒப்படைக்கத் தலையாரியை வரவழைத்தார்கள். வயதானவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"பறிமுதல் மகஜர்ல எடம் குறிக்கணுமுங்க. தரையில வச்சா ஆடு மாடு மிதிச்சு ஒடைச்சிடும், நான்தான் பதில் சொல்லணும். உசரமா, யாரும் லேசுல தூக்க முடியாத எடமா வைக்கணும்."

"அப்படி எடம் இங்க எங்கய்யா இருக்கு?"

தலையாரி அண்ணாந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அதிகாரி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வீடியோக்காரரிடம், "அதைக் கொஞ்சம் அமத்துப்பா" என்றார்.

தலையாரிக்கு ஓடு வேயத் தெரிந்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஜமாலைக் கீழே இறங்கச் சொன்னதுதான் அவர் செய்த முதல் நல்ல காரியம். மழை விழுவதற்குள் வேலை முடிந்தது. "கைப்பற்றப்பட்ட ஓடுகள் மேற்படியார் வீட்டின் மேல், சரிந்த வாக்கில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்துப் பத்திரப்படுத்தப்பட்டன" என்று மகஜர் எழுதினார்கள். மறு உத்தரவு வரும்வரை ஒன்றையும் அகற்றுவதில்லை என்று அக்கா கையெழுத்துப் போட்டார். சாட்சியாக நானும் போட்டேன்.

புதன்கிழமை சம்பந்தியம்மா மழையோடு வந்து, மூலைக்கு மூலை அண்ணாந்து பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனாராம். பறிமுதல் பொருளுக்குக் கீழே குழந்தை தூங்கியது.

இப்போது ஜமால் மஸ்கட்டில். எங்கள் வாட்ஸாப் குழுவில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்கள் மட்டும் வருகின்றன. தலையாரி போய்ச் சேர்ந்துவிட்டார். அதிகாரி எந்த ஊரில் இருக்கிறாரோ. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அக்கா வீட்டைக் காணோம். அதே இடத்தில் காங்கிரீட் வீடு. எனக்கு என்னவோபோல் இருந்தது. சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனால், சுவரோரம் தார்ப்பாய்க்கு அடியில் அத்தனை ஓடும் வரிசையாக அடுக்கியிருந்தது. உடைந்த ஓடுகள் தனியாக ஒரு சாக்கில்.

ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று ஒன்றைக் கையில் எடுத்தேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"ஐயையோ, வைங்க தம்பி. கையெழுத்துப் போட்டிருக்கோம்ல? அவுங்க இன்னும் வரல."

நானும் போட்டவன்தான். ஓட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.